காற்று யாருடையது

அல்மாட்டி
10 மே 1998

அம்மா,

ஒரு மாதம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு ஹோரியத் அக்காவின் தொலைபேசிக்கு மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் அவரே எடுத்தார். "உங்கம்மா வரமாட்டேங்கறா. நான் என்ன, தூக்கிட்டா வர முடியும்?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தத் தொலைபேசியில் பேசினால் தெருவே கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை நான் பார்த்த விதத்தில் சொல்லிவிடுகிறேன்.

குர்பான் பெருநாள் காலை. ஆடு அறுத்தாயிற்று. நீங்கள் நுரையீரலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். நுரையீரலில் மாவுப் பாலை நிரப்பி வேக வைக்கும் ஓப்கேயை எப்போதும் முற்றத்தில்தான் செய்வீர்கள். நுரையீரலை ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதை எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் மாவுப் பால் பாத்திரத்தோடு வந்து கதவைத் தள்ளினேன். நீங்கள் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஆட்டின் மூச்சுக்குழாயில் அப்பாவின் சைக்கிள் பம்ப். நீங்கள் அடிக்க அடிக்க நுரையீரல் எழுந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்ததை அப்படியே ஓர் ஓரமாக வைத்துவிட்டேன்.

பிற்பகல். வீடு நிறையப் பெண்கள். தட்டில் வெள்ளை வெள்ளையாக வெட்டிய ஓப்கே. ஹோரியத் அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "தாஜினிசா, இது உன் மூச்சுடி. வேற எவ ஊதினாலும் இந்தப் பதம் வராது" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

"அது அம்மா மூச்சு இல்ல அக்கா. அப்பாவோட சைக்கிள் பம்ப்பு."

அவ்வளவு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி தேநீரைத் துப்பிவிட்டாள். ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தேன், இரண்டு வருடமாக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஓர் அறை முழுவதையும் நான் சிரிக்க வைத்தது அது ஒருமுறைதான். இனிப்பாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்து போனீர்கள். தட்டுகள் காலியாகவே இல்லை. மறுநாள் நான் பேருந்துக்குக் கிளம்பியபோது வாசலுக்கு வரவில்லை.

மன்னித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஏன் கதவைச் சாத்தினீர்கள்?

சனுபர்


ஊர்
24 மே

சனுபருக்கு,

கடிதம் வந்தது. மன்னிப்பு வந்தது. இரண்டையும் அலமாரியில் வைத்துவிட்டேன்.

உனக்குத் தெரியாதது கொஞ்சம் இருக்கிறது. தெரிந்துகொள். இருபத்தெட்டு வருடமாக இந்தத் தெருவில் எந்த வீட்டில் கல்யாணம் நடந்தாலும், தொட்டிலில் பிள்ளையைக் கிடத்தினாலும் ஓப்கே செய்ய என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கையில் ஒரு நுரையீரல்கூட ஒழுகியதில்லை. இப்போது நான் கடைக்குப் போனால், "பம்ப்பு போகுது பாரு" என்கிறார்கள். குழந்தைகள் 'புஸ், புஸ்' என்கின்றன. ஹோரியத் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏண்டி, எத்தன வருசமா எங்களுக்கு டயர் காத்தைப் போட்டு ஊட்டுன?"

அந்தப் பம்ப்பை சோடா உப்பு போட்டு ஏழு தண்ணீரில் கழுவினேன். புதுக் குழாய் மாட்டினேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஆகஸ்ட்டில் ஹோரியத்தின் மகனுக்குக் கல்யாணம். ஓப்கே செய்ய அக்கென்ட் பக்கத்திலிருந்து ஒருத்தியை வரவழைக்கிறார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாணம். இந்தப் பக்கம் நான்.

பெருநாளுக்கு நீ வாங்கி வந்த சட்டை கழுத்தைப் பிடிக்கிறது. மேலே இரண்டு பொத்தானையும் திறந்துவிட்டுத்தான் போடுகிறேன். இவ்வளவு படித்தவளுக்கு அளவு பார்த்து வாங்கத் தெரியவில்லை. தலையணைகளும் எல்லாம் சப்பையாகிவிட்டன, நான்கை அடுக்கிச் சாய்ந்துதான் உறங்க வேண்டியிருக்கிறது. பஞ்சு அடிப்பவன் இந்த வருடம் வரவேயில்லை.

ஆப்ரிகாட் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. பறிக்க ஆள் வைத்துக்கொள்வேன். நீ வர வேண்டாம்.

கதவு என்னுடையது. சாத்துவேன்.

தாஜினிசா


அல்மாட்டி
14 ஜூன்

அம்மா,

கடிதத்தின் அடியில் பெயர் போட்டிருக்கிறீர்கள். ஏதோ அலுவலகத்திலிருந்து வந்தது போல இருந்தது.

நேற்று ஓப்கே செய்தேன். தனியாக. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. சந்தையில் ஒரு நுரையீரல் வாங்கினேன், மூச்சுக்குழாய் நீளமாக இருப்பதாகப் பார்த்து. மாவைப் பிசைந்து, தண்ணீரில் கசக்கி, பாலாக்கி, தெளிய வைத்தேன். நீங்கள் சொல்லித் தந்து அல்ல. பார்த்துப் பார்த்து என் கைக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஊதினேன்.

அம்மா, ஒருமுறை ஊதியதற்கே கண்ணில் பூச்சி பறந்தது. இரண்டாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நுரையீரல் எழுந்து, உடனே இறங்கியது. எங்கேயோ சீறியது. மறுபடி ஊதினேன். மறுபடி இறங்கியது. பிடிவாதமாக மாவுப் பாலை ஊற்றினேன். ஒரு கையால் குழாயைப் பிடிக்க வேண்டும், ஒரு கையால் புனல், ஒரு கையால் அகப்பை. எனக்கு இரண்டு கைதான். பால் எல்லாம் தரையில். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "பெயின்ட் அடிக்கறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. எனக்கு இருபத்தாறு வயது. மூன்று முறை ஊதுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் இருபத்தெட்டு வருடம் ஊதியிருக்கிறீர்கள். பம்ப்பை எடுத்தது சோம்பலால் இருக்காது.

நான்கு தலையணை. கழுத்தைப் பிடிக்கும் சட்டை. பழம் பறிக்க ஆள். போன வருடம் அந்த மரத்தின் உச்சியில் நின்றுகொண்டு என்னைத் திட்டியவர் நீங்கள்.

பம்ப்பை எப்போது எடுத்தீர்கள்?

உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா?

சனுபர்


ஊர்
1 ஜூலை

சனுபருக்கு,

சந்தை நுரையீரலை வாங்கி ஊதினாளாம். இதைப் படித்து நான் சிரித்தேன், உண்மையைச் சொல்கிறேன், நிறுத்த முடியவில்லை.

நகரத்துச் சந்தையில் விற்கிற ஒவ்வொரு நுரையீரலையும் மிருக வைத்தியன் கத்தியால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் விற்க விடுவான், உள்ளே புழு இருக்கிறதா என்று. கீறினதை ஊதினால் எங்கே நிற்கும்? சல்லடையில் தண்ணீர் பிடித்திருக்கிறாய். ஓப்கேக்கு ஆட்டை நம் வீட்டில் அறுக்க வேண்டும், அறுக்கிறவன் பக்கத்திலேயே நின்று, "கத்தி நுனி படக் கூடாது" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். படித்த வாத்தியார்கள் யாரும் இதைச் சொல்லவில்லையா.

இன்னொன்று. தனியாக அதைச் செய்ய முடியாது. ஒருத்தி பிடிக்க வேண்டும், ஒருத்தி ஊற்ற வேண்டும். உன் அப்பா இருந்தவரை அவர்தான் பிடிப்பார். ஆண்பிள்ளை அடுப்படியில் என்ன செய்கிறான் என்று கேட்டவர்களிடம், "நான் பிடிச்சாத்தான் என் பொண்டாட்டி பேச்சு நிக்குது" என்பார்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் எடுத்தேன். இரண்டே முறை. டயர் காற்று இரண்டே முறை, அதை ஹோரியத்திடம் சொல்ல முடிந்தால் சொல்.

மூச்சு வாங்கினால் என்ன? உன் அப்பாவுக்கும் வாங்கியது. யார்கெந்த் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, இதோ இந்த நிழல் என்று காட்டினார்கள். அதுவரை அவர் இருமிக்கொண்டே விறகு பிளந்துகொண்டிருந்தார். அந்த நிழலைப் பார்த்த பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பது நாள். படம் எடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு குளிர்காலம் விறகு பிளந்திருப்பார்.

எனக்கும் அதுதான். எனக்குத் தெரியும். அவர் மூச்சில் கேட்ட அந்தச் சீறல் எனக்குத் தெரியும். அதற்குப் படம் வேண்டாம்.

அன்றைக்கு அந்த அறையில் எல்லோரும் சிரித்தபோது, சரி, பம்ப்பைப் பார்த்துச் சிரிக்கட்டும், மற்றதைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றுதான் எழுந்து போனேன். ஆனால் நீ பார்த்திருக்க வேண்டும். நீ மட்டும்.

இதை ஹோரியத்திடம் சொல்லிவிடாதே.

அம்மா


அல்மாட்டி
12 ஜூலை

அம்மா,

உங்கள் கடிதத்தை நூலகத்தில் வைத்துப் படித்தேன். அடுக்குகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன்.

மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஏற்கெனவே ஒன்று அலமாரியில் இருக்கிறது.

அப்பாவின் நிழல் படத்தால் வரவில்லை. படம் எடுக்கும் முன்பே அங்கே இருந்தது. இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பயமாக இருக்கிறது. தூங்கி எழுந்ததும் முதலில் அதுதான் வருகிறது.

எனக்கு விடுமுறை செப்டம்பரில். உங்களைப் படம் எடுக்க அழைத்துப் போவேன். நீங்கள் கதவைச் சாத்தினால் முற்றத்தில் உட்கார்ந்திருப்பேன். தெருவே பார்க்கட்டும்.

சனுபர்


ஊர்
16 ஆகஸ்ட்

சனுபர்,

கல்யாணம் முடிந்தது. அக்கென்ட்காரி வந்தாள். சுவர் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், ஊதும்போது மூன்று மூச்சு, நடுவில் ஓய்வு. சின்ன வயதுக்காரி. ஹோரியத் ஒரு தட்டை மூடிக்கொண்டு வந்தாள். "சாப்பிட்டுப் பாரு. ஒனக்குப் புடிக்காதுன்னு தெரியும், இருந்தாலும் பாரு."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒழுகியிருந்தால், வேகாமல் இருந்திருந்தால், நான் இந்த வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்திருப்பேன்.

சொன்னேன், "நல்லாருக்கு" என்று. ஹோரியத் என் முகத்தையே பார்த்தாள். "ஒனக்கு உடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். நான் இன்னொருத்தி சமையலை நல்லா இருக்கிறது என்று சொன்னால் அவளுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி பெண்களின் தேநீர்க் கூட்டம் என் முறை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை. நீ வருவதானால் அதற்கு வா. ஓப்கே செய்வோம். முற்றத்தில். நீ ஊது. எப்படிப் பிடிப்பது என்று நான் காட்டுகிறேன், என்னோடு போய்விடக் கூடாது என்பதற்காக இல்லை, அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை, தெருவுக்கு ஒருத்தி செய்கிறாள். இந்த ஒரு தடவை அந்தப் பெண்கள் முன்னால் ஒழுகாமல் ஒன்று கொண்டுபோய் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் ஓப்கே. பிறகு படம். இந்த வரிசையில்தான். படம் முதலில் என்றால் என்னால் கொப்பரை முன்னால் நிற்க முடியாது.

சட்டை எதுவும் வாங்கி வராதே.

அம்மா


அல்மாட்டி
23 செப்டம்பர்

அம்மா,

வந்து சேர்ந்தேன். படம் பத்திரமாக இருக்கிறது. பேருந்தில் ஆறு மணி நேரமும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "சாமி படமா?" என்று கேட்டார். இல்லை, அம்மா என்றேன்.

இங்கே மருத்துவர் அடுத்த வியாழக்கிழமைதான் பார்ப்பார். திங்கட்கிழமை யார்கெந்த்தில் படம் எடுத்த மனிதர் உதட்டைப் பிதுக்கி, "மேல ஒரு நிழல் தெரியுது, பெரிய ஊர்ல காட்டுங்க" என்று சொன்னார். ஹோரியத் அக்காதான், "நெழலு எல்லாருக்கும் இருக்குய்யா, வெயில்ல நின்னா ஒனக்கும் இருக்கும்" என்றார். பிறகு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை வரை யோசிக்கக் கூடாது. அதனால் சனிக்கிழமையை எழுதுகிறேன். எனக்காக.

முற்றம். பித்தளைத் தாம்பாளத்தில் நுரையீரல். நீங்கள் குழாய் வழியாகத் தண்ணீர் ஊற்றி, பிழிந்து, ஊற்றி, பிழிந்து. சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை. ஏழாவது தடவைக்குத் தாம்பாளத்தின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றினீர்கள். "நான் செய்யட்டுமா?" என்றேன். "செய்யத் தெரிஞ்ச மாதிரி கேக்கறா பாரு" என்று சொல்லிக்கொண்டே தாம்பாளத்தை என் பக்கம் தள்ளினீர்கள்.

ஊதினேன். இந்த முறை எழுந்தது, நின்றது. நீங்கள் அதன்மேல் காதை வைத்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஓட்டை இருந்தால் அங்கே சீறும் என்றீர்கள். அப்போது உங்கள் முகம் என் முகத்துக்கு அருகில் இருந்தது. ஆட்டின் நுரையீரல் அமைதியாக இருந்தது. உங்கள் தொண்டையில்தான் சீறியது. மெல்லிய விசில். இருவருக்கும் கேட்டது. நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை.

"இதுல ஓட்டை இல்ல" என்றீர்கள். பிறகு விரலால் தடவிப் பார்த்து, "இங்க ஒண்ணு இருக்கு, நூல் எடு" என்றீர்கள். ஓரத்தில், காதுக்கு எட்டாத கடுகளவு கீறல். கிள்ளிப் பிடித்து நான்கு சுற்றுச் சுற்றினீர்கள்.

பிறகு குழாயை என் கையில் கொடுத்தீர்கள். நான் இறுக்கிப் பிடித்தேன். "நெரிக்காத. நெரிச்சா பால் எறங்காது." தளர்த்தினேன். "விட்டுடாத. விட்டா எல்லாம் மேல வந்துடும்." அப்புறம் எப்படித்தான் பிடிப்பது என்று கத்தினேன். நீங்கள் உங்கள் இரண்டு விரலை என் விரல்மேல் வைத்து அழுத்தினீர்கள். கொஞ்சம்தான். "இவ்வளவு. இப்ப தெரியுதா?" தெரிந்தது. வார்த்தையில் எழுத வரவில்லை. விரலில் இருக்கிறது.

நீங்கள் ஊற்ற, நான் பிடிக்க. அகப்பை அகப்பையாக மாவுப் பால் இறங்கியது. நுரையீரல் கனத்தது, தாம்பாளத்தை நிறைத்தது, வழிந்து தொங்கியது. ஒரு துளி கீழே விழவில்லை. கொப்பரையில் இறக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம், கைக்குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்துப் போவது போல. நடுவழியில் உங்களுக்குச் சிரிப்பு வந்தது. "உங்கப்பா இந்த எடத்துலதான் ஏதாவது சொல்லித் தொலைப்பாரு."

பெண்கள் வந்தார்கள். தட்டு வந்தது. ஹோரியத் அக்கா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னிக்குக் காத்து யாருது?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"எம்மவளுது" என்றீர்கள்.

அவர் மென்றார். "அதான. படிச்ச காத்து. உப்பு கம்மி."

சிரிப்பு அடங்கியதும் நீங்கள் சொன்னீர்கள். நான் எதிர்பார்க்கவில்லை. "போன தடவ என்னால ஊத முடியல ஹோரியத். மூச்சு வரல. அதான் பம்ப்பு." சாதாரணமாக, உப்பு போடு என்பது போலச் சொன்னீர்கள். ஹோரியத் அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடி? நான் பாட்டுக்கு ஊரெல்லாம் பம்ப்பு பம்ப்புன்னு..." திங்கட்கிழமை நமக்கு முன்னால் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

வியாழக்கிழமை பார்த்ததும் எழுதுகிறேன்.

சனுபர்


ஊர்
27 செப்டம்பர்

சனுபர்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். வியாழக்கிழமைதான் மருத்துவர் பார்ப்பார் என்று நீ தொலைபேசியில் சொன்னதாக ஹோரியத் சொன்னாள். ஹோரியத்தின் மருமகன் அல்மாட்டிக்குக் காரில் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், வியாழக்கிழமைக்கு முன்னால் உனக்குக் கிடைக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், செய். கெட்டது என்றால் எழுதாதே. நேரில் வா. காகிதத்தில் அதைப் படித்துவிட்டு நான் இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாது. நல்லது என்றால் எழுது. தொலைபேசி வேண்டாம், ஹோரியத் முதலில் கேட்டுவிடுவாள், பிறகு அவள் முகத்திலிருந்து நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

பெரிய கொப்பரை உனக்கு. அறையில் இடம் போதாது என்று சொல்லாதே. தாம்பாளமும்.

நேற்று ஆப்ரிகாட் வற்றலைப் பையில் கட்டினேன். மூன்று பை. எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று வைத்துவிட்டு, மூன்றாவது யாருக்கு என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே இரண்டு என்று வைத்தேன். வசந்தம் வரைக்கும் ஆகும்.

உப்பு கம்மியாகத்தான் இருந்தது. ஹோரியத் சொன்னது சரி.

அம்மா


அல்மாட்டி
1 அக்டோபர்

அம்மா,

எழுதுகிறேன்.

எழுதுகிறேன் பாருங்கள்.

உங்கள் நுரையீரலில் ஒன்றும் இல்லை. மருத்துவர் படத்தை விளக்குக்கு முன்னால் மாட்டி, இரண்டு பக்கமும் பென்சிலால் சுற்றிக் காட்டினார். "சுத்தமா இருக்கு. இந்த வயசுல இப்படி நான் அதிகம் பாத்ததில்ல. பாட்டுப் பாடுவாங்களா?" என்று கேட்டார். திட்டுவார்கள் என்றேன்.

நிழல் நுரையீரலில் இல்லை. அதற்கு மேலே. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி வீங்கி, வெளியே வராமல், மார்பு எலும்புக்குப் பின்னால் கீழே இறங்கியிருக்கிறது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. அது மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளி அழுத்துகிறது. படத்தில் குழாய் வளைந்து, நடுவில் ஒடுங்கித் தெரிகிறது. படுத்தால் அதிகமாகும். கழுத்துப் பட்டன் போட்டால் அதிகமாகும். நான்கு தலையணை. சட்டை அளவு சரியாகத்தான் இருந்தது அம்மா. அதை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மலைப்பக்கத்து ஊர்களில் இது நிறைய உண்டாம். நம் தண்ணீரில் அயோடின் இல்லை. புற்று போலத் தெரியவில்லை என்கிறார், எடுத்ததும் சோதித்துப் பார்ப்பார்கள். ஆனால் எடுத்தாக வேண்டும். நவம்பரில் இடம் தந்திருக்கிறார். மூன்று வாரம் என்னோடு இருப்பீர்கள். வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். "பெயின்ட் அடிக்கிறவளோட அம்மாவா?" என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் சூரியகாந்தி விதை விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, நிற்கவில்லை. அவர் ஒரு கை விதையை நீட்டி, "போனது யாரு?" என்றார். யாரும் போகவில்லை என்றேன். விதையைத் தின்றுகொண்டே அழுதேன்.

தொலைபேசியைப் பார்த்தேன். கையை வைக்கவில்லை. உறையில் முகவரி எழுதினேன்.

சனுபர்


ஊர்
11 அக்டோபர்

சனுபர்,

தபால்காரன் வாசலில் கூப்பிட்டான். நான் தோட்டத்தில் இருந்தேன். அவன் கையில் உறை தெரிந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பாவம், பயந்துபோய் ஹோரியத்தைக் கூப்பிட்டுவிட்டான்.

அவள் ஓடிவந்து, "பிரிடி, பிரிடி" என்றாள். "எதுக்கு? அதான் வந்துடுச்சே" என்றேன். அவளுக்கு நம் ஏற்பாடு தெரியாது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். உப்புத் தேநீர் போட்டேன், மேலே பாலாடை போட்டேன், இருவரும் குடித்தோம். உறையை நடுவில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வேறு பேச்சுப் பேசினோம். இந்த ஒரு வருடத்தில் அப்படி ஒரு தேநீர் குடித்ததில்லை. பிறகுதான் பிரித்தேன், அவளே வாசித்தாள், அவள் தொண்டை என்னுடையதை விட மோசமாக இருந்தது.

ஆக, நுரையீரல் சரியாக இருக்கிறது. குழாயை யாரோ உள்ளே இருந்து பிடித்திருக்கிறார்கள். பிடிக்கத் தெரியாமல் நெரித்திருக்கிறார்கள். உன்னைப் போல.

உன் அப்பாவின் நோய்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வருகிறேன், கொஞ்சம் இருங்கள் என்று. இப்போது வரவில்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெட்டுவதற்குப் பயம் இருக்கிறது. ஆனால் இது வேறு பயம். இதை வைத்துக்கொண்டு தூங்கலாம்.

பட்டன் விஷயம் பதிவு செய்துகொண்டேன்.

அம்மா


ஊர்
14 மார்ச் 1999

சனுபர்,

வெட்டி எடுத்ததில் புற்று இல்லை என்று காகிதம் வந்த அன்றைக்கும் வராத குரல், இப்போது முழுதாகத் திரும்பிவிட்டது. தெருவில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அந்தக் கரகரத்த குரலோடே இருந்திருக்கலாம் என்று ஹோரியத் சொல்கிறாள். ஒரே ஒரு தலையணை. சட்டையை எல்லாப் பட்டனும் போட்டுக்கொண்டு போனேன், தழும்பு தெரியவில்லை, பிறகு மேல் பட்டனை நானே திறந்துவிட்டேன், பார்க்கட்டும் என்று.

பம்ப்பைச் சைக்கிளிலேயே மாட்டிவிட்டேன். இரண்டு டயருக்கும் காற்று அடித்தேன். நிற்கிறது.

மருத்துவர் ஊதக் கூடாது என்று சொன்ன கெடு முடிந்துவிட்டது. நேற்று ஹோரியத் வீட்டில் ஆடு அறுத்தார்கள். நுரையீரலைக் கேட்டு வாங்கி வந்தேன். முற்றத்தில் உட்கார்ந்தேன். முதல் மூச்சில் முக்கால். இரண்டாவதில் முழுதும். காதை வைத்துக் கேட்டேன். அதுவும் சீறவில்லை, நானும் சீறவில்லை. ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் பார்த்தேன். இரண்டு கையும் குழாயில் இருக்கிறது. மாவுப் பால் எட்டடி தள்ளி அடுப்புப் பக்கம். கையை எடுத்தால் எல்லாம் போய்விடும். இருபத்தெட்டு வருடம் செய்தவள். ஹோரியத்தைக் கூப்பிட்டேன். அவள் தொலைபேசியில் இருந்தாள். மறுபடி கூப்பிட்டேன். கால் மணி நேரம் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பூனை வந்து பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் விட்டுவிட்டேன். புஸ்ஸென்று போயிற்று. வெளியே குழந்தைகள் யாரும் இல்லை, நல்ல வேளை.

இருபத்தெட்டாம் தேதி பெருநாள். வெள்ளிக்கிழமைப் பேருந்தில் வா.

ஊத நான் இருக்கிறேன். பிடிக்க ஆள் இல்லை.

அம்மா